தெரியும்காரர் வாங்கிய பம்பு

நம்மிடையே ஒரு மனித வகை உண்டு. எந்த மருத்துவப் புத்தகத்திலும் அதைப் பற்றி ஒரு வரிகூடக் கிடையாது. ஆந்திர எல்லையில் இருக்கும் நகரி ஊரில் இருபத்தாறு வருடமாக மருந்துக் கடை வைத்திருப்பவன் என்ற உரிமையில் நானே அதற்கு ஒரு பெயர் வைத்திருக்கிறேன்: தெரியும்காரர்.

இவரை நீங்கள் என் கடைக்கு வந்து ஐந்து நிமிடம் நின்றால் பார்த்துவிடலாம். மாத்திரை அட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு, "இத்த காலையில சாப்பாட்டுக்கு..." என்று நான் ஆரம்பிப்பேன். "தெரியும்" என்பார். "முன்னாடி" என்ற சொல் என் தொண்டையிலேயே நின்றுவிடும். நான்காம் நாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அவரே வருவார். "சாப்ட்டு முடிச்சி போட்டேன், எரியுது" என்பார். சாப்பாட்டுக்கு முன்னால் அல்லவா என்று கேட்டால் என்னைப் பரிதாபமாகப் பார்த்து, "அத்த நீ சொல்லவே இல்லியே" என்பார்.

எல்லாம் தெரிந்தவர் என்று ஊருக்கு ஊர் ஒருவர் இருக்கிறாரே, இவர் அவரல்ல. அவர் உங்களை உட்கார வைத்துப் பாடம் நடத்துவார். தப்போ சரியோ, கடைசியில் உங்கள் கையில் ஏதாவது ஒரு தகவல் மிஞ்சும். தெரியும்காரருக்குச் சொல்லிக்கொடுக்கும் ஆசையே கிடையாது. நீங்கள் வாயை மூடினால் போதும். சத்தியவேட்டில் கல்யாணம், மண்டபத்துக்கு எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று நீங்கள் சொல்லத் தொடங்கியதுமே "தெரியும்" என்று வண்டியைக் கிளப்பி, பட்டுப்புடவையில் இருக்கும் மனைவி மக்களோடு ஏதோ ஒரு தொழிற்சாலை வாசலில் போய் நின்று, காவலாளியிடம் "கல்யாணம் இங்கதானே?" என்று கேட்பவர் அவர்தான். தாசில்தார் ஆபீசில் தெலுங்கில் விளக்கம் சொல்வார்கள். அங்கே "தெலுசு" என்பார். அவ்வளவுதான் வித்தியாசம். எந்த மொழியிலும் அவருக்கு ஒரே ஒரு வார்த்தை போதும்.

ஏன் இப்படி? கர்வமா? நானும் ரொம்ப காலம் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். துலுக்காணம் விஷயத்தைப் பார்த்த பிறகு அந்த எண்ணத்தை மாற்றிக்கொண்டேன்.

துலுக்காணம் என்பது அவருடைய சொந்தப் பெயர் அல்ல. இந்தக் கதையை எழுதிக்கொள்ள அவரும் அவர் மனைவி கல்பனாவும் அனுமதி கொடுத்தபோது, பெயரை மாற்றச் சொல்லி அவரே எடுத்துக் கொடுத்த பெயர். அது அவருடைய மாமனார் பெயராம். அவர் கோபித்துக்கொள்ள மாட்டாரா என்று கேட்டேன். "அவுரு செத்து ஏழு வருசம் ஆவுது" என்றார்.

துலுக்காணத்துக்கு ஐம்பத்து மூன்று வயது. நகரியில் விசைத்தறி ஃபிட்டர். தெருவில் நடந்து போகும்போதே தறியில் நாடா ஓடி அடிக்கிற சத்தத்தை வைத்து, "மூணாவது தறில பெல்ட்டு லூசு" என்று சொல்லக்கூடிய ஆள். போய்ப் பார்த்தால் லூசாகத்தான் இருக்கும். ஆகவே அவர் "தெரியும்" என்று சொல்லும்போது ஊர் நம்பியது. தறி விஷயத்தில் நம்பினால் தப்பில்லை. அவர் சர்க்கரை விஷயத்திலும், இதய விஷயத்திலும் அதையே சொல்லிக்கொண்டிருந்தார். ஒன்பது வருடமாகச் சர்க்கரை. இரண்டு வருடத்துக்கு முன் நெஞ்சில் ஸ்டென்ட். நெஞ்சு வலித்தால் நாக்குக்கு அடியில் வைத்துக்கொள்ளும் மாத்திரை எப்போதும் சட்டைப் பையில் இருக்கும்.

அதோடு, யாரிடமும் சொல்லாத இன்னொரு விஷயமும் இருந்தது. ஸ்டென்ட் வைத்த பிறகு மனைவியோடு சேர உடம்பு ஒத்துழைக்கவில்லை. முதல் தடவை களைப்பு என்றார். இரண்டாம் தடவை மாத்திரைச் சூடு என்றார். மூன்றாம் தடவை வராமலிருக்க ஏற்பாடு செய்துகொண்டார்: கீழே புழுக்கமாக இருக்கிறது என்று பாயைத் தூக்கிக்கொண்டு மொட்டை மாடிக்குப் போனவர், மார்கழியிலும் குல்லா மாட்டிக்கொண்டு அங்கேயே படுத்தார்.

கல்பனா பேசிப் பார்த்தார். "இன்னாங்க, உங்களாண்ட ஒண்ணு கேக்கணும்..."

"தெரியும், தெரியும். அப்புறம் பேசலாம்."

இரண்டு வருடமாக அந்த அப்புறம் வரவில்லை.

இதற்கு நடுவில் துலுக்காணம் வைத்தியத்துக்குப் போகாமலும் இல்லை. ஒரு நாள் புத்தூருக்குப் பஸ் ஏறினார். அங்கே எலும்பு முறிவுக்குக் கட்டுப் போடுபவர்கள் பிரசித்தம். நரம்பு சமாசாரமும் அவர்களுக்குத் தெரிந்திருக்கும் என்பது இவருடைய கணக்கு. வரிசையில் ஒன்றரை மணி நேரம் நின்றார். முறை வந்தது. சுற்றிலும் கை ஒடிந்தவர்கள், கால் ஒடிந்தவர்கள், அவர்களைத் தூக்கி வந்த சொந்தக்காரர்கள். "எங்க நோவுது?" என்று கேட்டார் கட்டுக்காரர். துலுக்காணம் ஒரு கணம் யோசித்துவிட்டு இடது மணிக்கட்டை நீட்டினார். கட்டுக்காரர் அழுத்திப் பார்த்து, எலும்பு நன்றாகத்தான் இருக்கிறது, போய் வா என்றார். அதோடு வந்திருக்கலாம். "இல்ல, உள்ள நோவுது" என்று இவரே அடம்பிடித்துக் கட்டுப் போட்டுக்கொண்டு வந்தார். மூன்று வாரம் ஒரு கையால் தறிக்குப் பெல்ட் மாட்டினார்.

அதற்குப் பிறகுதான் என் கடைக்கு வந்தார். கூட்டம் இல்லாத மத்தியான நேரம். கண்ணாடிப் பெட்டிமேல் சாய்ந்துகொண்டு, இருமல் மருந்துகளை ஒவ்வொன்றாகப் படித்துவிட்டு, செல்போனில் ஒரு படத்தைக் காட்டினார். நீல நிற மாத்திரை.

"இத்த ஒரு அட்ட குடு அண்ணா."

"நெஞ்சு மாத்திர போட்டுக்கினு கீறியே, இத்தத் தொடக் கூடாது."

"தெரியும்."

எனக்கு உண்மையிலேயே பயமாகிவிட்டது. இருபத்தாறு வருடத்தில் ஒரு வாடிக்கையாளரிடம் நான் குரலை உயர்த்தியது அன்றுதான். "இன்னா தெரியும்? சொல்லு பாக்கலாம்."

அவரிடம் யாரும் அந்தக் கேள்வியைக் கேட்டதில்லை போலிருக்கிறது. செல்போனை அணைத்துப் பைக்குள் போட்டுக்கொண்டார். நாக்குக்கு அடியில் வைக்கிற மாத்திரையும் இதுவும் உடம்புக்குள் சேர்ந்தால் ரத்த அழுத்தம் கிணற்றில் விழுந்த வாளி மாதிரி இறங்கிவிடும், ஆளே போய்விடலாம் என்று நான் முழுதாகச் சொல்லி முடித்தேன். குறுக்கே ஒரு வார்த்தை வரவில்லை. பிறகு ரொம்ப மெல்லிய குரலில், "அப்ப எனக்கு வழியே இல்லியா?" என்றார்.

வழி இருக்கிறது, திருப்பதியில் டாக்டர் இருக்கிறார் என்று விலாசம் எழுதிக் கொடுத்தேன். கூடவே, சொல்லலாமா கூடாதா என்று தயங்கிவிட்டு, இன்னொன்றும் சொன்னேன். முந்தின நாள் கல்பனா வந்து தன்னுடைய தைராய்டு மாத்திரையை மூன்று மாதத்துக்குச் சேர்த்து வாங்கிப் போயிருந்தார். சத்தியவேட்டில் இருக்கும் மகள் ரேஷ்மா வீட்டோடு போய் இருக்கப் போவதாக அவரே சொன்னார். எப்போது திரும்புவீர்கள் என்றதற்கு, "திரும்பி வந்து இன்னா பண்ணப் போறேன்?" என்றார்.

துலுக்காணம் இதற்கும் தெரியும் என்று சொல்லவில்லை. விலாசத்தை நான்காக மடித்து, நெஞ்சு மாத்திரை இருக்கும் பைக்குள் வைத்துக்கொண்டார்.

அடுத்த வாரம் மனைவியிடம், "கெளம்பு, திருப்பதிக்குப் போலாம்" என்றார். திருப்பதி என்றால் யாருக்கு ஆஸ்பத்திரி நினைவுக்கு வரும்? கல்பனா தலைக்குக் குளித்து, பட்டுப்புடவை கட்டி, மகளிடம் போவதற்கு முன் பெருமாளைப் பார்த்துவிட்டுப் போவதும் நல்லதுதான் என்று கிளம்பினார். திருப்பதி பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் துலுக்காணம் ஆட்டோ நிற்கும் பக்கமாக நடந்தார்.

"மலைக்குப் போற பஸ்ஸு அந்தாண்ட நிக்கிது."

"தெரியும்."

டாக்டர் பிரியங்காவுக்கு முப்பத்தைந்து வயதுகூட இருக்காது. பெயர்ப் பலகையைத் துலுக்காணம் வாசலில் படித்திருந்தால் அப்படியே திரும்பியிருப்பார், வழக்கம்போல் படிக்கவில்லை. உள்ளே போய் உட்கார்ந்து, எதிரே தன் மகள் வயதில் ஒரு பெண் டாக்டரைப் பார்த்ததும் அவர் கை தானாகவே இடது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டது. டாக்டர் அவர் கோப்பைப் புரட்டிவிட்டுத் தெலுங்கும் தமிழும் கலந்து நேராகவே பேசினார். சர்க்கரையால் ரத்தக் குழாயும் நரம்பும் பாதிக்கப்பட்டிருக்கின்றன, அதனால் விறைப்பு வருவதில்லை, ஸ்டென்ட் வைத்தவர்களில் நிறையப் பேருக்கு இது உண்டு, இதில் வெட்கப்பட எதுவும் இல்லை.

பக்கத்தில் பட்டுப்புடவை நாற்காலியின் நுனிக்கு நகர்ந்தது. கல்பனா கேட்டார்: "இது சீக்கா? சீக்குதானா டாக்டரம்மா?"

"ஆமாம்மா."

கல்பனா கணவர் பக்கம் திரும்பினார். "சீக்குன்னு ஒரு வார்த்த சொல்லக் கூடாதா? எனக்கு வயசாயிடுச்சி, என்னக் கண்டா உனக்குப் புடிக்கலன்னு ரெண்டு வருசமா நெனச்சிக்கினு கீறேன். கண்ணாடியப் பாத்துப் பாத்து அயுதுக்கினு கீறேன்யா." இத்தனை வருடம் மரியாதையாக 'இன்னாங்க' என்றவர் அங்கே 'யா' போட்டார். துலுக்காணம் மேசைமேல் இருந்த பேனா ஸ்டாண்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

டாக்டர் இருவருக்கும் தண்ணீர் கொடுத்து, இதய டாக்டரோடு போனில் பேசிவிட்டு, இழுப்பறையிலிருந்து ஒரு கருவியை எடுத்து வைத்தார். தெளிவான பிளாஸ்டிக் குழல். அதன் தலையில் கையால் அழுத்தும் சின்னப் பம்பு. கூடவே சில ரப்பர் வளையங்கள். குழலுக்குள் உறுப்பை வைத்துப் பம்பை அழுத்தினால் உள்ளே இருக்கும் காற்று வெளியேறும், வெற்றிடம் ரத்தத்தை இழுக்கும், விறைப்பு வரும். அது இறங்காமல் நிற்க, அடியில் வளையத்தை மாட்டிவிட்டுக் குழலைக் கழற்றிவிடலாம்.

"தெலுசு மேடம்" என்றார் துலுக்காணம், டாக்டர் சொல்லி முடிப்பதற்குள்.

"முதல் வாரம் வளையம் வேணாம், பம்பு மட்டும் பழகுங்க. மெதுவா அழுத்தணும், ரத்தம் உறையாம இருக்க மாத்திரை போடறீங்க, வேகமா அடிச்சா ரத்தம் கட்டும்..."

"தெலுசு, தெலுசு."

"வளையம் முப்பது நிமிஷத்துக்கு மேல இருக்கவே கூடாது. அர்த்தம் ஆயிந்தா சார்?"

"தெலுசு மேடம்!"

புரிந்ததா என்று கேட்டால் தெரியும் என்று பதில். அப்போது அவர் காது இரண்டும் சிவந்திருந்தது, நெற்றி வேர்த்திருந்தது, ஒரு கால் வாசல் பக்கம் திரும்பியிருந்தது என்று கல்பனா பிறகு என்னிடம் சொன்னார். எனக்கு விஷயம் விளங்கியது அப்போதுதான். தெரியும்காரர் அந்த வார்த்தையைப் பெருமைக்காகச் சொல்வதில்லை ஐயா. அது அவருக்குக் கதவுத் தாழ்ப்பாள். வெட்கம் வந்தால் போட்டுக்கொள்கிறார்.

கல்பனா அவசரப்படவில்லை. மலைக்குப் போவதாக நினைத்து எடுத்து வந்திருந்த தேங்காய்ப் பையை மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் கேட்டார். எந்த அளவு வளையம்? வலித்தால் என்ன செய்வது? காற்றை வெளியே விட எது பொத்தான்? வளையத்தைக் கழற்றுவது எப்படி? டாக்டர் செய்து காட்டினார். கல்பனா ஒரு தடவை தானே செய்து பார்த்தார். துலுக்காணம் அதற்குள் பம்பு வாங்க பார்மசி வரிசையில் நிற்கப் போய்விட்டார்.

ஊருக்கு வந்த மூன்றாம் நாள், ஒரு புதன்கிழமை காலை. நூல் வரவில்லை, தறிகள் ஓடவில்லை, கல்பனா மாவு மிஷினுக்குப் போயிருந்தார். துலுக்காணம் வாசல் கதவைத் தாழ்போட்டுவிட்டு டப்பாவைத் திறந்தார். உள்ளே ஒரு கையேடு இருந்தது. தறி மோட்டாரையே பிரித்து மாட்டுகிறவனுக்குக் கையேடா? அதன் பிளாஸ்டிக் உறையைக்கூடப் பிரிக்கவில்லை. சைக்கிளுக்குக் காற்றடிக்கிற வேகத்தில் பம்பை அடித்தார்.

வேலை செய்தது.

இரண்டு வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லாத சொந்தக்காரன் திடீரென்று வாசலில் வந்து நின்ற மாதிரி இருந்தது என்றார் என்னிடம். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டதாம். அந்தச் சந்தோஷத்தில், முதல் வாரம் தொடவே கூடாத வளையத்தை எடுத்து மாட்டினார். அதிலும் இருப்பதிலேயே சின்னதை. குழலைக் கழற்றினார். அறைக்குள் இரண்டு தடவை நடந்தார். கண்ணாடியில் பார்த்துக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் சில்லென்று ஆனது. பிறகு மரத்தது. பிறகு வலித்தது. நிறம் மாறத் தொடங்கியதைப் பார்த்ததும் வளையத்தை உருட்டிப் பார்த்தார், தேங்காய் எண்ணெய் தடவிப் பார்த்தார். அது அசையவில்லை. கடைசியில் தறிக்குக் கம்பி வெட்டுகிற கொறடாவைக் கையில் எடுத்துக்கொண்டு யோசித்துக்கொண்டிருந்தபோது கதவு தட்டப்பட்டது.

"இன்னாத்துக்குத் தாழ்ப்பா போட்டுக்கினு கீற? மாவு கனக்குது."

உள்ளே அவசரமாக டப்பாவை மூடுகிற சத்தம் கேட்டது.

கல்பனாவுக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. மாவுத் தூக்கைக் கீழே வைத்துவிட்டு, தெருவுக்குக் கேட்காதபடி கதவில் வாயை வைத்துக் கேட்டார். "யோவ். அத்த மாட்டிக்கினியா?"

"...உம்."

"எத்தினி மணிக்கி மாட்டின?"

"ஒம்போதே கால் இருக்கும்."

"இப்ப ஒம்போது நாப்பது. இன்னும் அஞ்சி நிமிசம் கீது, பயப்படாத. கையில கத்தி கித்தி வெச்சிக்கினு கீறியா?"

"கொறடா."

"கீழ போடு! மொதல்ல கீழ போடு. ரிங்குல ரெண்டாண்டையும் காது மாதிரி நீட்டிக்கினு கீதே, அது எதுக்குன்னு..."

"தெரி..." என்று ஆரம்பித்தது உள்ளே இருந்த குரல்.

கல்பனா வெளியே காத்துக்கொண்டிருந்தார். எதிர் வீட்டுக்காரம்மா தண்ணீர் பிடித்துக்கொண்டே இந்தப் பக்கம் பார்த்தார். உள்ளே கொறடா தரையில் விழுகிற சத்தம் கேட்டது.

"தெரியல கல்பனா. எனக்கு ஒண்ணும் தெரியல. நீ உள்ள வா."

தாழ்ப்பாள் விலகியது. கல்பனா உள்ளே போய், இரண்டு காதையும் பிடித்து விரித்து, டாக்டர் காட்டியபடியே வளையத்தை ஒரே இழுப்பில் எடுத்துவிட்டார். பத்து வினாடி வேலை. துலுக்காணம் கட்டிலில் உட்கார்ந்து சின்னப் பிள்ளை மாதிரி அழுதார். கல்பனா பக்கத்தில் உட்கார்ந்தார். முதலில் அவருக்கும் அழுகைதான் வந்தது; எண்ணெய் வழிந்துகொண்டிருந்த கோலத்தைப் பார்த்ததும் சிரிப்பு வந்துவிட்டது; அடக்க முடியவில்லை. அவர் சிரித்ததைப் பார்த்து இவரும் சிரித்தார். வெளியே மாவுத் தூக்கை நாய் முகர்ந்துகொண்டிருந்தது.

சிவப்புப் புள்ளிகள் கொஞ்சம் இருந்தன. டாக்டருக்குப் போன் போட்டது கல்பனாதான். பத்து நாள் சும்மா விடுங்கள், பிறகு முதலிலிருந்து தொடங்குங்கள் என்றார் டாக்டர். கையேடு இங்கிலீஷ், இந்தி, தெலுங்கு மூன்றிலும் இருந்தது, தமிழில் இல்லை. பள்ளிக்கூடம் தெலுங்கில் படித்த கல்பனா ஒவ்வொரு வரியாகப் படித்து, தமிழில் விளக்கிச் சொன்னார். துலுக்காணம் நடுவில் கேள்வி கேட்டார். கேள்வி!

இப்போது எப்படி என்று கேட்கிறீர்கள்தானே? கேட்க வெட்கமாக இருந்தாலும் மனசுக்குள் கேட்டிருப்பீர்கள். இருபத்தைந்து வயது திரும்பிவிடவில்லை. சில நாள் பம்பு ஒத்துழைக்கும். சில நாள் ஒத்துழைக்காது. ஒத்துழைக்காத நாளில் பேசிக்கொண்டிருப்போம் என்றார் கல்பனா. பாய் மாடியிலிருந்து இறங்கிவிட்டது. ஏன் இன்னும் வரவில்லை என்று மகள் போனில் கோபித்துக்கொண்டபோது, "உங்க நைனாவுக்கு வேல சாஸ்தி கண்ணு, உட்டுட்டு வர முடியாது" என்று ரொம்ப சீரியஸாகச் சொன்னாராம்.

துலுக்காணம் முழுசாகத் திருந்திவிட்டார் என்று நான் பொய் சொல்ல மாட்டேன். தறி முதலாளிகளிடம் இன்றைக்கும் பழைய வார்த்தைதான். ஆனால் என் கடைக்கு வந்தால் நான் சொல்லி முடிக்கும்வரை நிற்கிறார். போன வாரம் ஒரு மாத்திரையைக் கொடுத்து, சாப்பாட்டுக்கு முன்னால் என்றேன். "முன்னாடின்னா எத்தினி நிமிசம்?" என்றார். நான் கொஞ்சம் திகைத்துப் போனேன். எத்தனையோ வருடமாக விற்கிற மாத்திரை. அட்டையைத் திருப்பி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்துத்தான் பதில் சொன்னேன்.

ஆகவே, வாசகரே, நீங்கள் இந்த வகையைச் சேர்ந்தவரா இல்லையா என்று நான் எப்படிச் சொல்வது? உங்கள் டாக்டர் கடைசியாகச் சொன்ன மூன்று விஷயங்களை எனக்கு வரிசையாகச் சொல்லுங்கள், பார்க்கலாம். வேண்டாம், அவசரமில்லை. உங்கள் வீட்டில் யாராவது "ஒண்ணு கேக்கணும்" என்று ஆரம்பித்து, நீங்கள் அப்புறம் என்று தள்ளிவைத்தது ஏதாவது இருந்தால், இதை மடித்து வைத்துவிட்டு எழுந்துபோய் அது என்னவென்று கேளுங்கள்.

நான் இதைச் சொல்லி முடிப்பதற்குள் தலையை ஆட்டிவிட்டீர்களே. எதற்கு?